தம்பியின் முகத்தைக் கேட்டவர்

உங்களில் என் வயதுக்காரர் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அறைகள் கூடிவிட்டன, ஆள் குறைந்துவிட்டது. பொழுது பட்டதும் முன் அறையில் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்ல உட்காருகிறேன். செபமாலை இரண்டு பேருக்கான செபம். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்ல வேண்டும். இரண்டு பாதியையும் நானே சொல்லிப் பழகிவிட்டேன்.

ஆனால் தனிமை என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எனக்கு இந்த வயதின் தனிமை நினைவுக்கு வருவதில்லை. ஒன்பது வயதில், கல்முனையில், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசுகாலம் ஒன்று முழுக்க நான் இருந்த இருப்புத்தான் வருகிறது. அதை இதுவரை யாருக்கும் முழுமையாகச் சொன்னதில்லை. கேட்க இருந்தவர்கள் போய்விட்டார்கள். உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம், கோயிலுக்குப் பின்னால். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. அப்பா மேசன். அம்மா வீட்டில் தையல் தைத்தார். எனக்கு ஒரு தம்பி, நாலு வயது. மாசி மாதம் வயல்வெட்டுத் தொடங்கினால் எங்கள் சின்ன ஒழுங்கைக்கு முன்னால் இருக்கும் பெரிய தெருவில் நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின்கள், ட்ரக்டர்கள்தான், வந்துகொண்டே இருக்கும். ஆலைக்குப் போகிறவை. காற்றில் நெல்லுத் தூசி பறக்கும், ஆலையிலிருந்து அவித்த நெல்லின் மணம் வரும். பெட்டி பூட்டிய மெசின் சத்தம் கேட்டால் தம்பி எங்கிருந்தாலும் ஓடுவான். அதைப் பார்த்துக் கை காட்டுவதுதான் அவனுடைய பெரிய சந்தோசம்.

விபூதிப் புதனுக்கு முந்திய கிழமை ஒரு நாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அவன் அப்படி ஓடினான். வேலிப் படலை திறந்து கிடந்திருக்கிறது. அம்மா கிணற்றடியில். பொம்பிளை ஆள் ஒருவர் வந்து என்னை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று சொல்லவில்லை. ஒழுங்கை முழுக்கச் சனம். தெருவில் ஒரு மெசின் குறுக்காக நின்றது, அதன் பெட்டியிலிருந்து ஒரு மூட்டை கிழிந்து நெல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நெல்லை ஒருவரும் அள்ளவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. நெல் கொட்டினால் சனம் ஓடிவந்து அள்ளுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

தம்பியை அடக்கம் செய்த மறுநாள் எங்கள் படலையடியில் ஒரு பெண் வந்து நின்றார். முக்காடு போட்ட, மெலிந்த உடம்புக்காரி. கையில் ஒரு பொதி. தூரத்திலிருந்து நடந்து வந்தவர் போலக் கால் முழுக்கப் புழுதி. அப்பா வாசலுக்கு வந்தார்.

"ஆர் நீங்க?"

"வரிப்பத்தான்சேனையில இரிந்து வாறன் தம்பி. அந்த மெசின் ஓட்டின புள்ளைட உம்மா நான்."

அப்பா அதற்கு மேல் அவரைக் கதைக்க விடவில்லை. அவருடைய குரலை அப்படி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "போங்க! இந்த வளவுக்க கால் வைக்கப்படாது!" என்று கத்தினார். அந்தப் பெண் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை அம்மா யன்னலில் நின்று பார்த்தார்.

அடுத்த கிழமை அப்பா பொத்துவிலில் ஏதோ கட்டட வேலை என்று போய்விட்டார். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை என்று இப்போது விளங்குகிறது. அப்போது, நான் பிள்ளை இல்லையா என்று நினைத்தேன்.

பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு முன்னால் தம்பியின் கதை எடுக்கக்கூடாது. எனக்கு முன்னாலும் எடுக்கக்கூடாது, நான் சின்னப் பிள்ளை, மறந்துவிடுவேன். எங்கள் பெரியம்மா ஒரு பகல் வந்து அவனுடைய சாமான்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போனார். மீன் ரின்னில் அப்பா செய்து கொடுத்த லொறி, அதன் சில்லுகள் சோடாப் போத்தல் மூடிகள். ஒரு பக்கக் காது உடைந்த பீங்கான் கோப்பை. நீலக் கோடு போட்ட சட்டை, அதை அவன் எப்போதும் முன்பின்னாகத்தான் போடுவான். எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்தது. பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தேன். அவன் படுத்த இடத்தில் பாய்கூட இல்லை. யாரிடம் கேட்பது? கேட்டால் அம்மா அழுவார் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். என் பக்கத்தில் இருந்த பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தாள். செத்த வீட்டுப் பிள்ளையோடு என்ன கதைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். என் வாயிலிருந்து ஒரு நாளில் வரும் சொற்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற அளவுக்கு நான் ஊமையாகிப் போனேன்.

அந்த வருசம் நான் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை, வாங்கும் வருசம். ஞாயிறு பூசை முடிந்தபின் அதற்கான வகுப்பு நடக்கும். ஒரு நாள் பங்குச் சுவாமி வகுப்புக்கு வந்தார். வயதானவர், நல்ல மனிசன். என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"கடவுள் நல்ல பிள்ளையளத்தான் முதல்ல எடுப்பார், மகள். உங்கட தம்பி இப்ப மோட்சத்தில சம்மனசு. நீங்க சந்தோசப்பட வேணும்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கே காய்ச்சல் பிடித்தது. நல்ல பிள்ளைகளை எடுக்கிற கடவுள். அப்படியானால் நான் நல்ல பிள்ளையாக இருக்கக்கூடாது. நான் போனால் அம்மா தனியே இருப்பாரே. அதன் பிறகு காலையில் செபம் சொல்லாமல் எழும்பினேன். கோயிலில் நற்கருணைப் பேழைப் பக்கம் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கடவுளின் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரிடமும் சொல்ல முடியாத பயம் அது. அம்மாவிடம் சொன்னால் கடவுளுக்குக் கேட்டுவிடும்.

அம்மாவோ அதற்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். விடியப் பூசைக்குப் போவார். வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப் பாதைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சுவரில் படங்கள், ஒவ்வொரு படத்தடியிலும் முழந்தாளிட்டுச் செபம் சொல்லி எழும்பி அடுத்ததற்குப் போக வேண்டும். சேசுநாதர் தன் தாயைச் சந்திக்கும் நாலாம் தலத்துக்கு வந்தால் அம்மாவால் எழும்ப முடியாது. சனம் ஐந்தாம் தலத்துக்குப் போய்ப் பாட்டும் தொடங்கிவிடும். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே கிடப்போம். அம்மா அழுவதில்லை. அந்தப் படத்தையே பார்ப்பார். மெழுகுப் புகையும், சனத்தின் வேர்வையும், திறந்த கதவால் வரும் கடல் உப்பும் சேர்ந்த ஒரு மணம் அங்கே நிற்கும். இன்றைக்கும் அது எனக்கு அம்மாவின் மணம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வரும் வழியில் அம்மா தையலுக்கு நூல் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். கடைக்காரர் முஸ்லிம் மனிசன், எங்களை நெடுநாளாகத் தெரிந்தவர். நூலைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"செல்லலாமா எண்டு தெரியல்ல தங்கச்சி. அந்த மெசின்காரப் புள்ள சரியாத் திண்டு குடிக்கல்லயாம். அறைக்குள்ளயே இரிக்கானாம். தொழப் பள்ளிக்கும் போறல்லயாம். அவன்ட உம்மா இஞ்ச வந்து அழுதிட்டுப் போறா."

அம்மா நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று பொழுதுபடச் செபமாலை சொல்லும்போது, மாலையின் பத்து மணிகளை உருட்டி முடித்து அடுத்த பத்தைத் தொடங்குமுன், "இது அந்த வரிப்பத்தான்சேனைப் பிள்ளைக்காக" என்றார். பின்பாதி நான் சொல்ல வேண்டும். என் வாய் திறக்கவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே முழுவதையும் சொல்லி முடித்தார். என்னை ஏசவில்லை. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும்.

பெரியம்மாவுக்கு விசயம் தெரிய வந்தபோது வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்.

"உனக்கென்ன விசரா? பெத்த மனசா இது? அவனுக்குச் செபம் சொல்லுறியாம், ஊரே கதைக்குது!"

"அக்கா, பரலோக மந்திரத்தில ஒவ்வொரு நாளும் என்ன சொல்லுறம்? நாங்க பொறுக்கிற மாதிரி எங்களையும் பொறும் எண்டுதானே? ஒண்டில் அதச் சொல்லாம விட வேணும், இல்லாட்டிப் பொறுக்க வேணும். சொல்லாம விட எனக்கு ஏலாது."

"அப்ப போய் அவனக் கொஞ்சிற்று வா!" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போனார். அந்த ஞாயிறு கோயிலில் எங்கள் வாங்கில் எங்களோடு ஒருவரும் உட்காரவில்லை. நீண்ட வாங்கு. ஒரு முனையில் அம்மாவும் நானும்.

பெரியம்மா கோபத்தில் சொன்னதை அம்மா செய்தார். சனிக்கிழமை எனக்குத் தலை வாரி, பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏற்றினார். எங்கே என்று கேட்டேன். "ஒரு வீட்டுக்கு" என்றார். பஸ் மாறி இறங்கியபோது கடல் சத்தம் இல்லாத ஊர் அது. எனக்கு அது முதல் தரம். இரண்டு பக்கமும் வெட்டிய வயல், வெட்டிய தாளின் ஒட்டு நின்றது. வாய்க்காலில் தண்ணீர் வற்றி எருமைகள் சேற்றில் படுத்திருந்தன. அம்மா வழியில் கண்டவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு நடந்தார். பேரைச் சொன்னதும் அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு எங்கே போகிறோம் என்று விளங்கிவிட்டது. நான் நின்றுவிட்டேன்.

"நான் வரமாட்டன்."

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு மகள். நீ என்ர கையப் பிடிச்சுக்கொள்" என்றார். கையை நீட்டிக்கொண்டே நின்றார். பிடிக்காமல் விட முடியவில்லை.

மண் சுவர் வீடு. முற்றத்தில் பாய் விரித்து நெல் காயப்போட்டிருந்தது. படலையடியில் அன்று கண்ட அதே பெண். எங்களைக் கண்டதும் கையிலிருந்த சுளகைக் கீழே போட்டார்.

"யா அல்லாஹ்... தங்கச்சி, நீங்களா? வாங்க, உள்ளுக்கு வாங்க. இரிங்க."

"ராத்தா, நான் மகனோட கதைக்க வந்தன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அறைக் கதவைக் காட்டினார். பலகைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். அம்மா அதற்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால்.

"மகன், நான் அந்தப் பிள்ளைட அம்மா. கதவத் திறக்க வேணாம். கேளுங்க, காணும். படலை திறந்து கிடந்தது. என்ர பிள்ளை ஓடி வந்தது. நீங்க வேணுமெண்டு செய்யல்ல. எனக்கு உங்களோட கோவம் இருந்தது. மெய்யாத்தான், கனக்க இருந்தது. அத நான் கடவுளிட்டக் குடுத்திட்டன். நாளைக்குத் திரும்பி வந்தாலும் திரும்பக் குடுப்பன். நீங்க எழும்பிச் சாப்பிட வேணும். ஒரு பிள்ளை போனது காணும்."

முற்றத்தில் கோழிகள் நெல்லைக் கிளறின. அவற்றை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது.

நான் ஒரு பெரிய, கொடிய ஆளை எதிர்பார்த்திருந்தேன். வெளியே வந்தது மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பொடியன். சாரமும் பனியனும். கண்கள் குழி விழுந்திருந்தன. அம்மாவைப் பார்க்க அவரால் முடியவில்லை. சுவரோடு சாய்ந்து குந்தினார். அப்போது அம்மாவுக்குப் பின்னால் இருந்த நான் கண்ணில் பட்டேன். நெடுநேரம் என்னையே பார்த்தார்.

"நீங்க ராத்தாவா? அந்தத் தம்பிக்கு?"

ஓம், அவனுடைய அக்கா என்று தலையாட்டினேன்.

"அவன்ட மொகம் எப்பிடி இரிக்கும் தங்கச்சி? நான் காணல்ல. சத்தம் மட்டும்தான் எனக்கிட்ட இரிக்கி. கண்ண மூடினா மொகமே இல்லாத ஒரு புள்ள வாறான். எப்பிடி இரிப்பான்? செல்லுங்க."

அத்தனை நாளில் தம்பியைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் தொடங்கினேன். முதலில் மெல்ல. தம்பிக்கு முன்பல்லில் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும், கிணற்றுக் கட்டில் விழுந்தது. காது பெரிசு. சிரித்தால் கண் மூடிப் போகும். சட்டையை முன்பின்னாகப் போட்டுவிட்டு, தனக்குப் பின்னால் வருகிற ஆளுக்குத்தான் பொத்தான் தெரிய வேண்டும் என்பான். தெருவில் போகிற எல்லா ஆம்பிளைகளையும் மாமா என்று கூப்பிடுவான். கடலுக்குப் பயம், ஆனால் கடலைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன், அது அழும் என்று மணலில் படுத்துக்கொள்வான். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு அது நன்றி சொல்லும்வரை காத்திருப்பான். சொல்லச் சொல்ல எனக்குள் எங்கோ அடைத்துக்கிடந்தது திறந்துகொண்டது. கடலின் கதை வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் தாடையால் ஒழுக. அவர் அழுவதை நான் அன்றுதான் கண்டேன். பெரியவர்கள் பயந்ததுபோல ஒன்றும் ஆகிவிடவில்லை. வெளிச்சம் பட்டதுபோல இருந்தது அவர் முகம்.

மெசின்காரப் பொடியன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். அவருடைய உம்மா ஒரு கோப்பையில் பால் தேத்தண்ணி கொண்டுவந்து அவர் வாயில் வைத்தார். குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். அன்று எனக்குத் துணிச்சல் வந்திருந்தது.

"அம்மா, தம்பி நல்ல பிள்ளை எண்டுதானா கடவுள் எடுத்தவர்?"

"ஆர் சொன்னது?"

"சுவாமி."

காரைதீவு தாண்டிக் கடல் காற்று அடிக்கத் தொடங்கியபின் அம்மா கதைத்தார்.

"சுவாமி நல்ல மனிசன். ஆனா அவருக்குப் பிள்ளை இல்ல மகள். எடுக்கிறது வேற, தூக்கிறது வேற. நீ விழுந்தா நான் ஓடி வந்து தூக்குவன். அப்ப நானா உன்ன விழுத்தினது?"

"இல்ல."

"கடவுளும் அப்பிடித்தான். தம்பி விழுந்தான். அவர் தூக்கினவர். நான் கிணத்தடியில நிண்டன், எனக்கு ஓடி வர ஏலாமப் போச்சு. அவர் தூக்கினவர் எண்டு நம்பித்தான் நான் விடியக்க எழும்புறன்."

அதன் பிறகு நான் ஒளிக்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பயம் போனது, அந்த இடத்தில் மெல்ல மெல்ல ஏதோ வளர்ந்தது. மன்னிப்பும் அப்படித்தான். அன்றைக்கே எல்லாம் தீர்ந்தது என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உழவு மெசின் சத்தம் கேட்டால் பெரிய பிள்ளையான பிறகும் அந்தப் பொடியன்மேல் கோபம் அப்படியே எழும்பி வரும். வரும்போதெல்லாம் அம்மா கதவடியில் சொன்னதை நினைத்து அதைக் கடவுளிடம் திரும்பக் கொடுப்பேன். அந்தத் தபசுகாலத்துப் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யக் குனிந்தபோதுதான் முதல் தடவை கொடுத்தேன். அந்த உயிர்ப்பு ஞாயிறு புதுநன்மை வாங்கினேன். அதற்கு முந்திய நாளே செபமாலையில் அந்தப் பொடியனுக்கான பத்துக்குப் பின்பாதி சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பாதியைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்பா உயிர்ப்புத் திருநாளுக்கு வந்தார். நாங்கள் போன விசயம் யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மாவோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வருசம் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, மெசின்காரர் எங்கள் படலையடியில் வந்து நின்றார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அப்பா அவரைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், அவர் போகும்வரை விறகு கொத்தினார். அப்பாவால் அவ்வளவுதான் முடிந்தது. அவ்வளவு பெரிய காரியத்தை அவர் அதற்குப் பிறகு செய்து நான் காணவில்லை.

மெசின்காரர் பிறகு மெசின் ஓட்டவில்லை. வயல் செய்தார், கலியாணம் முடித்தார். ஒவ்வொரு வருசமும் நத்தாருக்கு வந்தார். நான் அவரை, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, காக்கா என்று கூப்பிடப் பழகினேன்.

அம்மா இறந்தபோது சண்டைக் காலம். எங்கள் ஊர்களுக்குள் முஸ்லிம்களும், அவர்கள் ஊர்களுக்குள் நாங்களும் போகப் பயந்த நாட்கள். அப்பா முன்பே போய்விட்டார். என் கணவர் கொழும்பில், பாதை பூட்டியதால் வர முடியவில்லை. ஒரு சிலரோடு அவசர அவசரமாக அடக்கம் செய்தோம். மழை தூறியது. சவக்காலைச் சுவரோரம் ஒரு சைக்கிள் நின்றது. அதன் பக்கத்தில் நனைந்தபடி, நரை விழுந்த தாடியோடு, காக்கா. எந்தப் பாதையால் வந்தார் என்று கேட்க நான் துணியவில்லை. வரிசையில் கடைசியாக வந்து ஒரு பிடி மண் எடுத்தார். அதைப் போடுமுன் அவருடைய உதடுகள் அசைந்தன. அவருடைய வேதத்தில் எது சொல்லுவார்களோ அதைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சனம் கலைந்தது. பொழுது இருக்கும்போதே எல்லாரும் போக வேண்டியிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். காக்கா சைக்கிள் கரியரிலிருந்து வாழையிலையில் கட்டிய ஒரு சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"எப்ப சாப்பிட்டீங்க தங்கச்சி?"

எனக்கு நினைவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"பொண்டாட்டி ஆக்கித் தந்தது. மீனும் கத்தரிக்காயும்தான். சாப்பிடுங்க."

"நீங்க இருட்டுமுன்னம் போக வேணும் காக்கா. பாதை சரியில்ல."

"ஓம், போவம். சாப்பிடுங்க."

நான் இலையைப் பிரித்தேன். சோறு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அவர் எதிரே முற்றத்தில், ஈர மணலில் குந்தினார். நான் கடைசிப் பிடியை வாயில் வைக்கும்வரை அவர் எழும்பவில்லை.